கேட் போட்ட நேரம்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால் விழுந்ததுதான்.
ஹார்பருக்கு ஒரு கூட்ஸ் போகும்,
போனது திரும்பும்,
அப்புறம் வெறும் இன்ஜின் ஒன்று
எதையோ மறந்து வைத்தவனைப் போல
பாதியில் வந்து நிற்கும்.

நான் சைக்கிளில். கேரியரில் அண்ணனுக்குச் சாப்பாடு.
முன்னால் ஒரு ஆட்டோ,
ஆட்டோவுக்குள் இடுப்பு வலி.
நிறைமாதக்காரியின் அக்கா இறங்கிப் போய்
கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:
"யோவ் கேட்டு! தொறக்கிறியா,
இல்ல..."

இன்ஜின் கூவியது. அவள் காத்திருந்தாள்.

"...பொறக்கறதுக்கு உன் பேரையே வெச்சிடட்டுமா?"

முதலில் சிரித்தது ஆட்டோவுக்குள் இருந்தவள்.

அந்தக் காத்திருப்பைத்தான் வாழ்நாள் முழுக்க விற்றேன்.
முதல் தவணை எழுநூறு ரூபாய்,
கோடம்பாக்கத்தில் ஒரு மாடிப்படியில் எண்ணிக் கொடுத்தார்கள்.
படத்தில் ஆட்டோ இல்லை, வலி இல்லை.
ஹீரோவின் நண்பன் பேங்க் வாசலில் நின்று சொன்னான்.
திருநெல்வேலி வரைக்கும் சிரித்தார்கள்.
டைட்டிலில் என் பெயர் 'மற்றும் பலர்'.

பிறகு நடித்தேன். நடித்தேன் என்றால் அறை வாங்கினேன்.
பத்தொன்பது படம்.
இடது கன்னம்தான் ராசி என்றார் ஒரு கேமராமேன்.
ராயபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது
அவள் சித்தப்பா ஆசையாகக் கேட்டார்,
ஒரு தரம் அடிச்சுப் பாக்கட்டுமா?
அடித்தார். கல்யாணம் ஆனது.

ஒரே ஒரு படம் இயக்கினேன்.
மின்ட் பஸ் ஸ்டாண்டு சுவரில்
'இயக்கம்: தேசப்பன்',
பக்கத்திலேயே மூலம், பௌத்திரம்.
வெள்ளிக்கிழமை காலைக்காட்சி,
தண்டையார்பேட்டையில் முப்பத்தொரு பேர்.
கடைசி வரிசையில் உட்கார்ந்து
சிரிப்பு விழுந்த இடத்துக்கெல்லாம் விரல் மடக்கினேன்.
ஒரு கை முடியவில்லை.
அம்மா சாகிற காட்சியில் மட்டும்
எவனோ விழுந்து விழுந்து சிரித்தான்.
போனில் பேசிக்கொண்டிருந்தானாம்.
அதுவும் என்னுடையது இல்லை.

இப்போது சீரியலுக்கு எழுதுகிறேன்.
அறை வாங்கும் என் முகம்
ஊரில் எல்லார் போனிலும் ஸ்டிக்கர்.
வாடகை கேட்டால் வீட்டுக்காரருக்கே அனுப்புகிறார்கள்.

போன மாதம், மறுபடி அதே கேட்.
பக்கத்து ஸ்கூட்டியில் இருந்தவள் உற்றுப் பார்த்தாள்.
"அடி வாங்குவியே, நீதான?"
தலையாட்டினேன்.
நேரம் போகணுமே,
அந்த ஆட்டோக் கதையைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எங்க அக்கா சொன்னது அது."
பின்சீட்டில் நெட்டையாக ஒரு பையன், காதில் ஒயர்.
"இவன்தான்."

பேர் கேட்டேன்.

கூட்ஸ் வந்தது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி, எல்லாம் கரி.
அவள் காத்திருந்தாள்.

"அப்பலராஜு.
ஸ்கூல்ல அப்பளம்னுதான் கூப்ட்டானுங்க.
ரிட்டையர் ஆயி ஆந்திராவுக்குப் போறப்ப
அந்தாளு வந்து தூக்கிப் பாத்துட்டுப் போனாரு."

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் அத்தனை ஹாரன்.
வண்டியை நகர்த்த முடியவில்லை,
வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.