சாக்குக் கழிவு

கீழமாரட் வீதியில் கடைசி லாரி போன பிறகு
வெங்காயத் தராசின் மேல்
அக்காவின் பெட்டியை ஏற்றினார் அப்பா.
முப்பது கிலோவுக்கு மேல் போனால்
ஏர்போர்ட்டில் பணம் கேட்பான் என்று
மதனகோபால் சொல்லியிருந்தான்,
கே.கே. நகரில் ஏசி அறை போட்டு
பிஷ்கெக்கை விற்கிறவன்.

முப்பத்திநாலு நானூறு என்றது சிவப்பு எண்.
குக்கர் வெளியே வந்தது.
பருப்புப்பொடியில் பாதி.
ரெண்டாவது கம்பளி, அங்கே போய் வாங்கிக்கலாம்.
உடற்கூறு புத்தகத்தில் மட்டும்
யாரையும் கைவைக்க விடவில்லை அவள்.
பூட்டும்போது ஒரு வெங்காயச் சருகு
ஜிப்பில் மாட்டிக்கொண்டது.
அதற்கு எடை இல்லை.
அதுவும் போனது.

இங்கே ஒரு சீட்டுக்குச் சொன்ன தொகையில்
எங்கள் சந்தையே விலைக்கு வரும்.
அங்கே சல்லிசு, என்றான் மதனகோபால்.
ஆறு வருஷம், ஹாஸ்டல், இட்லியோடு மெஸ்,
எல்லாம் சேர்த்து இருபத்திநாலு லட்சம்.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
சல்லிசு என்ற சொல்லை
சிரிக்காமல் யாரும் சொன்னதில்லை.

சிலைமான் பக்கம் வாங்கிப்போட்ட மூணு சென்ட்.
அம்மாவின் கழுத்து.
என் இன்ஜினியரிங்.
அதை யாரும் கேட்டு எடுக்கவில்லை,
கொடுத்ததாக நானும் சொல்லவில்லை.
பாலிடெக்னிக் ஒன்றும் மோசமில்லை.

மண்டியின் விலைப் பலகையில்
பெல்லாரி, சின்ன வெங்காயம், பூண்டு,
அதற்கடியில் அப்பா ஒரு வரி சேர்த்தார்:
டாலர்.
திண்டுக்கல் வியாபாரி கேட்டார்,
அது எந்த ஊர்ச் சரக்குண்ணே?
வெங்காயம் ஏறும், இறங்கும்.
அது ஏறும்.

அங்கயற்செல்வியை அங்கே அங்கா என்றார்கள்.
ஒருநாள் போனில், பல் கிட்டிக்கச் சிரித்தாள்.
நோயாளிகிட்ட முதல்ல கேக்குறது என்ன தெரியுமாடா?
க்தே பலீத்.
எங்க வலிக்குது.
ப-வ எடுத்துட்டு வ-வப் போட்டுப் பாரு,
நம்ம வலிதான்.
இதுக்கா இருபத்திநாலு லட்சம்
என்று நாக்கு வரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.

வந்துவிட்டாள்.
பட்டம் நீல அட்டையில் இருக்கிறது,
எங்கள் தெருவில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத
எழுத்தில்.
இங்கே ஊசி பிடிக்க இன்னொரு பரீட்சை.
முந்நூறுக்கு நூற்றைம்பது வேண்டும்.
முதல் தடவை நூற்றிருபத்தொன்று.
அடுத்த தடவை நூற்று நாற்பத்தேழு.

அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஈரத்துக்குக் கழிக்கிறவர்,
மண்ணுக்கும் அழுகலுக்கும் கழிக்கிறவர்,
மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு போடுகிறவர்,
மூணை எதில்மா கழிச்சாங்க, என்றார்.
அக்கா தலை நிமிராமல் சொன்னாள்,
தைராய்டுல ரெண்டு, கண்ணுல ஒண்ணு.

மூலக்கரை சித்தப்பா முட்டியைக் காட்டுவார்,
எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு
நீ மாத்திரை எழுதலாமா கூடாதா, என்பார்.
கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவர்கள்
டாக்டர் வாங்க என்பதில்
அந்த டாக்டரை மட்டும் கொஞ்சம் இழுப்பார்கள்.

நேற்று மதியம் சுமை இறக்கும் ஒச்சப்பன்
மூட்டையில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.
சட்டை முழுக்க வேர்வை.
வெயில்தான், சோடா வாங்கிக் குடுங்க, என்றார்கள்.
சாப்பாடு கொண்டுவந்த அக்கா
தூக்குவாளியை எங்கோ வைத்துவிட்டுக் குனிந்தாள்.
பதற்றத்தில் அவள் வாயில் வந்தது
க்தே பலீத்.

ஒச்சப்பன் ஒரு நொடி அவளையே பார்த்தார்.
பிறகு இடது தாடையைத் தொட்டு,
அங்கிருந்து தோளுக்கும்
தோளிலிருந்து முழங்கைக்கும்
விரலால் ஒரு கோடு இழுத்தார்.

ஆட்டோ கூப்பிடுடா, என்றாள் என்னிடம்.
நடக்க விடாத. தூக்கு.

பெரியாஸ்பத்திரி வாசலில்
எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள்,
எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், நாடி எவ்வளவு.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி,
நீங்க யாரு, என்றார்.

மண்டியில இருந்து வர்றோம், என்றாள்.