கூட வந்தவர்

அறை ஏழு.
கதவைத் தோளால் தள்ளி
என் சக்கர நாற்காலியை உள்ளே உருட்டிவிட்டு
ஓரமாய் நிற்கப் போனான் கொக் வெய்.

டாக்டர் நிமிரவில்லை.
திரையைப் பார்த்தபடியே
மலாயில் அவனிடம் கேட்டார்:
சாப்பிடுகிறாரா?
இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?
மலச்சிக்கல் உண்டா?

பாவம், பிள்ளைக்குக் காதுமடல் சிவந்துவிட்டது.
"நான் கிராப் ஓட்டுகிறவன், டாக்டர்.
ஆயர் ஈத்தாமில் ஏற்றினேன்.
ஆன்ட்டியை இருபது நிமிடமாகத்தான் தெரியும்.
மழையில் நாற்காலி தள்ள ஆளில்லை, அதனால்..."

அந்த இருபது நிமிடத்தில்
அவன் என்னிடம் கேட்டவை:
ஏர்கானைக் குறைக்கவா,
கிரீன்லேன் வழியா டத்தோ கிராமாட் வழியா,
எப்போதிலிருந்து இப்படி மூச்சு இரைக்கிறது.

மூன்றாவதை
இந்த அறையில் இன்னும் யாரும் கேட்கவில்லை.

இப்போது என் பக்கம் திரும்பினார்.
தமிழ் டாக்டர்தான்.
குரலைக் கூரைக்கு ஏற்றினார்:
"பாட்டீ! எழுபத்தாறு வயசு!
மூச்சு வாங்கத்தான் செய்யும்!"

நான் பாட்டி இல்லை, டாக்டர்.
அதற்கு முன்னால் செய்ய வேண்டிய
இரண்டு மூன்று காரியங்களை நான் செய்யவில்லை.
கத்தவும் வேண்டாம்.
இதே ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில்
முப்பத்தோரு வருடம் இருந்த காதுகள் இவை.
இடி இறங்கிய லைனிலும்
பாலிக் பூலாவா பட்டர்வொர்த்தா என்று
அந்தப் பக்கத்து மூச்சை வைத்தே சொல்வேன்.
விடிகாலை மூன்றுக்குப்
பெரிய டாக்டர்களை எழுப்பித் திட்டு வாங்கியவள்.
ஒருநாளும்
கையில் பிடித்த ஒயரோடு
நோயாளிக்கு என்ன வயசு,
எழுபது தாண்டியிருந்தால் காலையில் கொடுக்கலாமே என்று
யோசித்து நின்றதில்லை.

இதையெல்லாம் சொன்னேனா?
எங்கே. அதற்கும் மூச்சு வேண்டுமே.
சொன்னது இவ்வளவுதான்:
"மூன்று வாரமாக.
அதற்கு முந்தின வாரம்
அரிசிப் பையோடு நாலு மாடி ஏறினேன்.
மூன்று வாரத்தில்
யாருக்கும் வயசாகிவிடாது, டாக்டர்."

தட்டச்சு நின்றது.
"இருதய ஸ்கேன்..." என்று இழுத்தார்,
"இந்த வயசில் பெரும்பாலும் நாங்கள்..."
பாதியில் விட்டார்.
அந்தப் பாதியை நான் முடித்துக் கொடுக்கவில்லை.
லைனில் மௌனம் விழுந்தால்
நாமாகப் பேசி அடைக்கக்கூடாது.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்தது.

வெளியே ஒலிபெருக்கி
யாருடைய எண்ணையோ அழைத்தது.
கொக் வெய்யின் கைபேசி அடுத்த சவாரிக்கு அதிர்ந்தது.
அவன் அதைச் சட்டைப்பைக்குள் கவிழ்த்தான்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை
உள்ளங்கையில் தேய்த்தார். சூடாக்கவாம்.
முதுகில் நான்கு இடம், நெஞ்சில் மூன்று.
மூன்றாவது இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.
"உங்கள் பெயர்?"
கோப்பில் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்:
ஞானசௌந்தரி சவரிமுத்து.

ஸ்கேனுக்குச் சம்மதப் படிவம் வந்தது.
நர்ஸ் பேனாவை
கொக் வெய்யிடம் நீட்டினாள்.

அவன் வாங்கினான்,
மூடியைக் கழற்றினான்,
என்னிடம் தந்தான்.