வாளித் தண்ணீர்

சத்துவாச்சாரி மலை
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவு பதினொன்றுக்கும் துப்பிக்கொண்டிருக்கிறது.
மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது.
வாளியில் பிடித்து ஓரமாய் வைத்தால்
விடிவதற்குள் குளிக்கிற பதம் வரும்.
வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த மே மாத வித்தை.

ஒருமுறை அந்த வாளிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்.
முப்பத்து நான்கு.
ஒரு பவளம் இதில் எத்தனை நாள் தாங்கும்?
யாரும் கேட்காமலேயே கணக்குப் போட்டது மனசு.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
தன்னைத்தானே கேலி பேசிக்கொள்ளும் ஊர்.
பட்டியலில் இன்னொன்றும் சேரட்டும்:
கடலில்லாத ஊரில் கடல் உத்தியோகம்.
வாடகை அறை, மின்விசிறி, மடிக்கணினித் திரையில் மன்னார் வளைகுடா.
ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு.
அதற்கும் மேல், போன வருஷம்வரை
தேவைப்படாத ஒரு நிறம்.

இருபத்தொரு பாறைகள்.
பணம் ஏழுக்கு.
நிழல்வலை, சிமெண்ட் சட்டம், ரோந்துப் படகுக்கு டீசல்,
சாக்கடை வாயைத் திருப்ப ஒரு நகராட்சியின் கையெழுத்து.
கடலையே குளிரவைக்க எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை.
ஆகவே கேள்வி சிறியதாகிவிடுகிறது:
தானே பிழைக்கப் பார்க்கும் எதன் கழுத்திலிருந்து
எந்தக் கையை எடுத்துவிடலாம்?

அடியில் குளிர்ந்த நீரோட்டம் இருக்கிறதா, வை.
முன்பு வெளிறித் திரும்ப நிறம் பிடித்ததா, வை.
பாசி மேயக் கிளிமீன் மிச்சமிருக்கிறதா, வை.
தன் குஞ்சுகளை ஓட்டத்தில் விட்டு
பக்கத்துப் பாறையில் குடிவைக்கிறதா,
கட்டாயம் வை.
ஒன்பதாம் எண்ணுக்கு இதில் ஒன்றுமில்லை.
அடித்தேன்.

பியூலா அவசரப் பிரிவிலிருந்து வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்தாள்.
ஆம்பூர்ப் பக்கம் பஸ் கவிழ்ந்திருக்கிறது.
"கத்துறவன் காத்திருப்பான்.
சத்தமில்லாதவனை மொதல்ல பாரு.
அதான் எங்களுக்கு முதல் பாடம்" என்றாள்.
"என்கிட்ட இருக்கிறது எல்லாமே சத்தமில்லாததுதான்" என்றேன்.
சிரித்தாளா தூங்கிப்போனாளா தெரியவில்லை.

மறுநாள் வேம்பாரிலிருந்து இன்னாசி.
"ஒம்பதுல, அடிப்பக்கமா,
நகத்தளவு பழுப்பு கெடக்கு மேடம்."
சேறாக இருக்கும் என்றேன்.
"சேறுன்னா தண்ணிய விசிறுனா போயிரும்.
விசிறிப் பாத்துட்டேன். போவல."
பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
அவன் படகு இயந்திரத்தின் சத்தம் மட்டும்
காட்பாடி பாலத்து நெரிசலுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடித்த கோட்டை நான் அழிக்கவில்லை.
ஏழுக்கான டீசல் எட்டுக்கு வராது.
அன்றிரவு பியூலாவிடம் கேட்டேன்,
கறுப்புச் சீட்டு கட்டியவனை என்ன செய்வீர்கள் என்று.
"கயித்துலதான் கட்டுறோம்," என்றாள்,
"தைக்கிறதில்லையே.
கைல ஆள் மிச்சமிருந்தா திரும்பப் போய்ப் பாப்போம்."
சில நேரம் ஆள் மிச்சமிருக்காது
என்பதையும் சொன்னாள்.

கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
அக்டோபரில் மறுபடி பார்.
இன்னாசியின் ஒரு நாள் கூலியை
எந்தத் தலைப்பில் போடுவதென்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விடிகாலை நாலு மணி.
குளியலறையில் பியூலா சொம்பை வைக்கிற சத்தம்.
எனக்குப் பாதி வாளி மிச்சம் வைத்திருந்தாள்.
வெப்பமானியை விட்டேன்.
முப்பது புள்ளி இரண்டு.

திரையில், அதே நேரம், கடல்:
முப்பத்தொன்று புள்ளி ஏழு.