அரைப்புள்ளி வ

அரைப்புள்ளி போட்டு ந தட்டினால்
"நன்றி, தங்கள் கடிதம் கிடைத்தது" என்று விரியும்.
அரைப்புள்ளி மு என்றால் என் முகவரி,
தார்த்து நகரம், ரியா தெரு, மூன்றாம் மாடி,
லிஃப்ட் ஓடாது என்ற எச்சரிக்கையோடு.
அரைப்புள்ளி தி:
மேக்கை அணையுங்கள், பத்து எண்ணுங்கள், திரும்பத் திறங்கள்.
இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு.

நானே எழுதிய செயலி.
மெனு பட்டையில் பேட்டரிக்கு இடப்பக்கம்
கடுகளவு கறுப்புப் பொட்டாக உட்கார்ந்திருக்கும்.
மௌஸைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது;
மேஜை டிராயரில் கிடக்கிறது,
வாலைச் சுருட்டிக்கொண்டு.

மாதக் கடைசியில் கணக்குக் காட்டும்:
"நீங்கள் மிச்சம் பிடித்தது
பதினொரு மணி நாற்பத்தாறு நிமிடம்."
அந்த எண்ணுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.
ஓஸ்லோவில் ஒரு வக்கீல் அதை அச்செடுத்துச்
சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். படம் அனுப்பினார்.
(அரைப்புள்ளி ந.)

மிச்சம் பிடித்ததை எந்த ஃபோல்டரில் போட்டேன்?
டெர்மினலில் ஒருநாள் விளையாட்டாகத் தேடினேன்.
அப்படி ஒன்றும் இல்லை என்றது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்,
மில்லி விநாடி சுத்தமாக.
ஜன்னலுக்குக் கீழே எமாயோகி உறைந்து கிடந்தது.
மதியம் மூன்றரைக்கே இருட்டு.

செவ்வாய்க்கிழமை இல்மேயிடமிருந்து செய்தி.
தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
என் பிழைகளைப் பிடிப்பவள்.
ஒரு வாரமாக வோருவில், ஆஸ்பத்திரியில்.
"அப்பா காலையில் போய்விட்டார்.
இந்த வாரம் வர மாட்டேன்.
2.8-இல் அந்த டேப் பிழை அப்படியே இருக்கிறது."

என் விரல்கள் என்னைவிட வேகமானவை.
அதற்காகத்தானே பழக்கினேன்.
அரைப்புள்ளி. வ. என்டர்.

"தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.
அடுத்த பதிப்பில் இது சரிசெய்யப்படும்."

கமாண்ட் இசட் அழுத்தினேன்.
என் பெட்டியில் இருப்பதைத்தான் அது திருப்பும்,
அவள் கைக்குப் போனதை அல்ல.

மூன்று புள்ளிகள் தோன்றின.
மறைந்தன.
தோன்றின.

"எந்தப் பதிப்பில்?"

சிரித்தாளா, வெடித்தாளா,
அந்தக் கேள்விக்குறியை வைத்து எப்படிச் சொல்வது?

செயலியை மூடினேன். கறுப்புப் பொட்டு அணைந்தது.
அவள் அப்பா பெயர் சரியாக நினைவில்லை;
பழைய கடிதங்களில் தேடினேன்.
ஹெல்தூர். இருந்தார்.
போன வருஷம் உதவி மையத்துக்கு எழுதியிருக்கிறார்,
மகள் இங்கே வேலை பார்ப்பதைச் சொல்லாமல்:
"நான் ஒரே ஒரு சுருக்கம்தான் வைத்திருக்கிறேன்.
அதற்கும் முழு விலை கொடுக்க வேண்டுமா?"

நன்றி, தங்கள் கடிதம் கிடைத்தது,
என்று பதில் போயிருக்கிறது.
மறுநாள் முழு விலையும் கட்டியிருக்கிறார்.
அந்த ஒன்று என்னவென்று
நான் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.
அடித்தேன், அழித்தேன்.
பேக்ஸ்பேஸ் சாவிக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்.
மூன்று வரி. ஒன்றேகால் மணி நேரம்.
மூன்றில் ஒன்று, அந்தக் கடிதத்தைப் பற்றியது.

பதில் வரவில்லை.

அடுத்த திங்கள் இல்மே வந்தாள்.
பூட்ஸ் பனியைக் கதவோரம் உதறினாள்,
காபி போட்டாள், எனக்கும் சேர்த்து.
உட்கார்ந்து ஒரு பிழை அறிக்கை திறந்தாள்.
தடுப்பைத் தாண்டி என் திரையில் விழுந்தது:

"அரைப்புள்ளி வ.
எதிர்பார்ப்பு: விரியக் கூடாது.
நடப்பது: விரிகிறது.
முன்னுரிமை: சாதாரணம்."

2.9 போய்விட்டது. 3.0 போய்விட்டது.
டேப் பிழையைத் தீர்த்துவிட்டேன்.
இதை இன்னும் மூடவில்லை.
அவளும் கேட்கவில்லை.