அரை நூல்

மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பிவிட்டான் டார்ஸி.
பெட்டிக்குள் துண்டுச் சீட்டு, ஒற்றை வரி:
"ரொம்பச் சுத்தமாகக் கூப்பிடுகிறது."

சுத்தத்தில் என்ன கேடு கண்டாய் என்று
இரண்டு நாள் அவனைத் திட்டிக்கொண்டே
பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
ஓசார்க் மலையில் மார்ச் மாதச் சேறு.
நிறுத்தத்துக்கு நிறுத்தம் தாமதம்.

ராத்திரிகளில் கொட்டகை.
சுழலும் வால்நட் கட்டைமேல் உளியை வைத்தால்
காப்பிப்பொடி நிறத்தில் சுருள்சுருளாய் உதிரும்.
உள்ளங்கைக்குள் அடங்கும் பானை,
அதன் நடுவே சின்ன மேடை,
மேடைமேல் கண்ணாடி வட்டம்,
எல்லாவற்றுக்கும் மேலே, விளிம்பில் ஒட்டிய சிலேட்டு
(இடித்த தேவாலயத்தின் கூரைக்கல்,
லாரிக்காரனுக்கு ஒரு பாட்டில் விஸ்கி).

கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற
காற்றைத்தான் உண்மையில் நான் விற்கிறேன்.
கூடினால் பானை ஊமை,
குறைந்தால் தகர டப்பா.
மேடையை அரை நூல் இறக்கினேன்.
அடியில் இரண்டு துளை கூட்டினேன்.
உப்புத்தாளால் உட்சுவரை
குழந்தைக் கன்னம்போல் இழைத்தேன்.
ஹிக்கரிக் குச்சியைப் பேனாவாய்ப் பிடித்து
நுனி தூக்காமல் சின்னச் சின்ன வட்டம்:
கியோக், கியோக், கியோக்.
ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே நீளம்.
பரிசுக் கோப்பைக்குப் பிறந்த பெட்டை.
டார்ஸிக்குக் காது கிடையாது.

புதன்கிழமை, இருட்டு பிரியும் முன்,
புரூயிட் வீட்டுக் கதவருகே காத்திருந்தேன்.
சின்னவள் ஒற்றைக் காலணியோடு ஏறினாள்,
மற்றதைத் தேட அவள் அண்ணன் திரும்பி ஓடினான்.
எஞ்சினை நிறுத்தினேன்.
அப்போது ஓக் கிளையிலிருந்து
ஒரு வான்கோழிப் பெட்டை வாய் திறந்தது.

முதல் சத்தமே உடைந்தது.
இரண்டாவது பாதியில் நின்றது.
மூன்றாவதைத் துருப்பிடித்த கீல் மாதிரி
இழுத்து, இழுத்து,
நடுவில் எதையோ மறந்து, மறுபடி தொடங்கி...
போட்டிக்கு வந்திருந்தால்
முதல் சுற்றிலேயே அனுப்பியிருப்பார்கள்.

"அதுக்குச் சளியா?" என்றாள் சின்னவள்.

அன்று ராத்திரி புதுக் கட்டை.
உளி போன தடங்களை அப்படியே விட்டேன்,
உட்சுவருக்கு உப்புத்தாள் காட்டவில்லை.
கண்ணாடியை மையத்தில் ஒட்டாமல்
அரை நூல் தள்ளி ஒட்டினேன்.
பசை காயும்வரை கை பரபரத்தது, நேராக்கச் சொல்லி.
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியலில் வேலியோரம்
ஈரத்தில் உட்கார்ந்து உரசினேன்.
வந்தது சேவல் இல்லை.
கழுத்தை நீட்டி, சருகை உதைத்து,
என்னைவிட இருமடங்கு சத்தத்தில்
ஏசிக்கொண்டே வந்தாள் அவள்.
யாரடி நீ, எவள் வீட்டு மரத்தடியில் யார் குரல்?
இருபதடிக்குள் வந்து சுற்றிச் சுற்றித் தேடினாள்.
தேடியது பெட்டையை; கிழவியின் மழைக்கோட்டை அல்ல.
நான் இமைக்கவில்லை. முழங்கால் மரத்தது.
கடைசி வார்த்தையும் அவளுடையதுதான்.

பானையின் அடியில் பென்சிலால் எண் போட்டேன்: நாற்பத்தொன்று.
டார்ஸிக்குச் சீட்டு எழுதினேன்:
"வழக்கமான விலை.
சளிக்குப் பத்து டாலர் கூடுதல்."