எண்பது சென்டிமீட்டர்

கேத்தியில் கேரட் கழுவும் மிஷின்
விடியுமுன் மூன்றரைக்கே உறுமத் தொடங்கிவிடும்.
உடைந்தது, கோணியது, இரட்டைக் கால் முளைத்தது,
மூட்டை நாற்பது ரூபாய்.
தோளில் ஏற்றிக்கொண்டு கற்பூரமரச் சரிவில் இறங்குகிறேன்,
ஹவில்தார் போஜன், ஓய்வு.
இடது காலில் மூன்று விரல் இல்லை.
பனியில் விட்டுவந்தது.
அந்தப் பனி வேறு. இங்கே பெய்வது
புல்லை வெளுத்துவிட்டு எட்டு மணிக்குப் போய்விடும்.

லாயத்தில் அவள் கதவை உதைக்கிறாள்.
மிட்நைட் டெலிகிராம்.
ஊட்டி ரேசில் பதினோரு ஓட்டம்,
பதினோரு முறையும் தாமதமாய்ச் சேர்ந்தவள்.
நாங்கள் தந்தி என்போம்.
"தந்தி வந்திருக்கு" என்று முதல் நாள் வீட்டில் சொன்னேன்,
என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
பத்தொன்பது வருஷம் அவள் காத்திருந்து வராத சொல் அது.
விளக்கிச் சொல்லும்வரை நான் மடையன்.
சொன்ன பிறகும்தான்.

மூன்று பேர் பணம் அது.
சிக்னல்ஸ் சூசைமாணிக்கத்துக்கு வலது காது கேட்காது,
தந்திக்கு இடது பக்கமே நிற்பான்.
கூடலூர் குஞ்ஞாலி
லடாக் வரை லாரி ஓட்டியவன்,
குதிரைக்கு ரிவர்ஸ் கியர் எங்கே என்று
இன்னும் தேடுகிறான்.

கற்றுத் தருபவள் தில்ஷாத்.
இருபத்து நாலு வயசு, லாயத்து வைக்கோலில் வளர்ந்தவள்.
"சார், முதுகு கொடிமரமா நிக்குது.
நீங்க சல்யூட் அடிச்சா அது எங்கே பாக்கும்?"
என் முதுகுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாவ்தான்.
தந்திக்கு அது புரிந்துவிடுகிறது,
அவளும் விறைத்துக்கொள்கிறாள்.
இரண்டு மரக்கட்டைகள்
மேட்டில் ஏறி இறங்குகின்றன.

"குதிகாலை இறக்குங்க."
குதிகாலிலும் ஒரு குதி, குதிரையிலும் ஒரு குதி,
நடுவே ஐம்பத்திரண்டு வயசில் நான்.
விரலில்லாத பாதம் அங்கவடியில் வழுக்குகிறது.
குஞ்ஞாலி சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டிவிட்டான்,
லாரிப் படுதா முடிச்சு.
தில்ஷாத் பேசவில்லை, கத்தியால் அறுத்தாள்.
"விழறப்ப கால் கழண்டு வரணும்."
அன்று மாலையே விழுந்தேன்.
கழன்று வந்தது.

மே மாதம், வெலிங்டன் மைதானம்.
புதியவர் பிரிவு, எண்பது சென்டிமீட்டர் உயரம்.
எனக்கு முன்னால் பல்லில் கம்பி போட்ட பையன்,
பின்னால் ரிப்பன் கட்டிய சிறுமி.
அவள் கேட்டாள்: "அங்கிள், உங்களுக்கும் வயித்தக் கலக்குதா?"
கலக்குது என்றேன்.
நாலு கண்டோன்மென்ட்டில் யாரிடமும் சொல்லாததை.

முதல் தடை, வெள்ளைக் கம்பு. கடந்தோம்.
இரண்டு. மூன்று.
நாலாவதில் வங்கி விளம்பரத் துணி காற்றில் படபடத்தது,
தந்தியின் காதுகள் பின்னே மடங்கின,
என் உள்ளேயும் ஏதோ மடங்கியது.
துணி படபடக்கும் சத்தம் எங்கள் இருவருக்கும் ஆகாது.
வாய் தானாக முணுமுணுத்தது: விஷ்ராம்.
யாருக்குச் சொன்னேனோ.
முதுகு தளர்ந்தது, கடிவாளம் தளர்ந்தது,
கீழே தரை இல்லை.

அப்புறம் எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.
ஐந்துக்குப் பிறகு ஏழு போய்விட்டேன்.
மணி அடித்தது. தகுதி நீக்கம், நிற்க வேண்டும்.
கேட்டது. நன்றாகவே கேட்டது.
இருபத்து நாலு வருஷம்
மணிக்கும் விசிலுக்கும் நின்ற உடம்பு
எட்டைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது,
மீண்டும் மணி,
சூசை வேலியோரம் "எனக்குக் கேக்கல, எனக்குக் கேக்கல" என்று கத்தினான்,
பத்து.

அபராதம் இருநூறு.
ரசீதில் நடுவர் காரணம் எழுதினார்:
மணி அடித்தும் நிற்கவில்லை.
முன்னாள் மேஜர் அவர். பேனாவை மூடாமல்
எதிரே நின்ற தந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை வயசு?" என்றார்.
குதிரைக்கா எனக்கா என்று கேட்டேன்.

வரும் வழியில் லவ்டேல் வளைவில் காட்டெருமைகள்.
வண்டியை நிறுத்தினான் குஞ்ஞாலி.
பின்னால் தந்தி கேரட் மெல்லும் சத்தம்.
அவை நகர்ந்தபாடில்லை.
மூன்று பேருமே
ஹாரன் அடிக்கவில்லை.