குடலிரக்கம்

துண்டுப் பிரசுரத்தின் தமிழில்
குடலிறக்கத்தைக்
குடலிரக்கம் என்று அச்சடித்திருந்தார்கள்.
வினிபெக்கில் எந்த அறையில் இருந்து
எவர் மொழிபெயர்த்தாரோ.
பேனை எடுத்துத் திருத்தப் போய்
அப்படியே விட்டேன்.

பதினொரு வருடமாய்த் தூக்குகிறேன்.
கட்டிலிலிருந்து கதிரைக்கு,
கதிரையிலிருந்து கழிப்பறைக்கு.
தூக்கும் மெஷின் பழுதான இரவுகளில்
மிஸிஸ் கோவல்சுக்கை இரண்டு பேராய்,
பிலோமினா லீவென்றால் ஒருத்தியாய்.
அப்படியொரு இரவில்தான்
தொப்புளுக்கு மேலே
ஏதோ எட்டிப் பார்த்தது.
அமுக்கினால் போனது. இருமினால் வந்தது.
வீட்டில் சொல்லவில்லை.
நவராத்திரி போய், தீபாவளியும் போய்,
கொசுவத்துக்குள் ஒரு எலுமிச்சங்காய்.

டொக்டர் ஒகஃபோர் தாளில் படம் கீறினாள்.
மூன்று துளை, பேனை மூடி அளவில்.
வயிற்றுக்குள் காற்றடித்துக்
கூடாரம் போல உயர்த்தி,
ஒன்றுக்குள்ளால் கமரா,
மற்றதுகளுக்குள்ளால் அவளுடைய கை.
உள்ளிருந்து வலை வைப்போம் என்றாள்.
கிழியாதா?
உங்கள் சதை வளர்ந்து
அதைப் பிடித்துக்கொள்ளும்.

கண் முழித்தபோது
வயிற்றை விட நோ வலது தோளில்.
மிச்சக் காற்றின் வேலையாம்.
வெட்டினது ஓரிடம், வலிக்கிறது வேறிடம்.
இதை மட்டும் எனக்கு எவரும்
படம் கீறி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆறு கிழமைக்குப்
பத்து இறாத்தலுக்கு மேல் தூக்கக் கூடாது.
நாலு லீற்றர் பால் கானை நிறுத்துப் பார்த்தேன்,
ஒன்பதரை. தூக்கலாம்.
ஈர உடுப்புக் கூடை கூடாது.
அதைச் சத்தியசீலன் தூக்குகிறார்,
ஒரு பெருமூச்சையும் சேர்த்து.
வாசலில் அவர் பனி தள்ளி வழுக்குவதைக்
கண்ணாடிக்குள்ளால் பார்த்துத்
தலையணையை வயிற்றோடு அணைத்துச் சிரித்தேன்.
சிரிக்கிற முறையும்
நாலாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

நேற்றுப் பிலோமினா போன் எடுத்தாள்.
குளிர்ந்த கைக்காரி எங்கே என்று
மிஸிஸ் கோவல்சுக் கேட்டாளாம்.
பதினொரு வருடம்.
பெயர் தெரியாது,
கை தெரிந்திருக்கிறது.

குளிக்கப் போகையில் பார்க்கிறேன்.
இடப்பக்கம் மூன்று சின்னக் கோடு.
தள்ளி, எல்லாவற்றுக்கும் மூத்த தழும்பு,
அம்மாவை என்னிலிருந்து வெட்டிய இடம்.
விரலை வைத்து இருமுகிறேன்.
ஒன்றும் வரவில்லை.

நம்பாமல்
இன்னொரு தரமும் இருமினேன்.